நகரக் கொள்கையில பிஎச்டி பண்றீங்களா? ஆராய்ச்சியை செஞ்சு பழகறது எப்படின்னு பார்க்கலாம்

பெரும்பாலான டிபார்ட்மென்ட்ல வரிசை இப்படித்தான் இருக்கு. முதல்ல கோர்ஸ்வொர்க், அப்புறம் லிட்டரேச்சர் ரிவ்யூ, அப்புறம் ப்ரொபோசல், அதையெல்லாம் தாண்டி மூணாவது வருஷம்தான் முதல் தடவையா ஒரு நிஜ டேட்டா ஃபைலைத் திறக்கறோம், திறந்தா பாதி ஃபீல்டு காலியா இருக்கு, மீதியில என்ன எழுதியிருக்குன்னு புரியல, யாரைக் கேக்கறதுன்னும் தெரியல. ஃபெல்லோஷிப் முடியப்போற நேரத்துல உக்காந்து எக்செல்லோட மல்லுக்கட்ட வேண்டியதாப் போகுது. நகரக் கொள்கைங்கற சப்ஜெக்ட்ல இது இன்னும் மோசம், ஏன்னா இங்க நமக்குக் கிடைக்கற டேட்டால முக்காவாசி ஆராய்ச்சிக்காக எடுத்ததே இல்ல. புகார் பதிவு, கட்டட அனுமதி, பஸ் டிக்கெட், சொத்து வரி, எல்லாமே ஏதோ ஒரு ஆபீஸ் தன் வேலையை ஓட்டறதுக்காக எழுதி வச்சது, நாம பின்னாடி வந்து எடுத்துக்கறோம், அவ்வளவுதான்.

அதனால என் கட்சி ஒண்ணே ஒண்ணு: ஒரு நம்பர் எங்க, யார் கையில, எதுக்காக உருவாச்சுன்னு தேடிப் போற பழக்கம்தான் இந்தத் துறைக்கான ட்ரெயினிங். ரிக்ரெஷன் (ஒண்ணு மாறினா இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு போடற கணக்கு), மேப்பிங் எல்லாம் வீடியோ பார்த்துக்கூட கத்துக்கலாம், இது செஞ்சாத்தான் வரும். கீழ சொல்றதை முதல் வருஷத்துலயே ஆரம்பிக்கலாம். ரெண்டு மூணு பேரா சேர்ந்து பண்ணுங்க, தனியா ஆரம்பிச்சா பாதியில விட்டுடுவோம், அது எல்லாருக்கும் நடக்கறதுதான்.

முதல் வேலை: இன்னொருத்தர் பேப்பரைத் திருப்பிப் போட்டுப் பாருங்க

டேட்டாவும் கோடும் (கணக்குப் போட எழுதின ப்ரோக்ராம்) வெளியில வச்சிருக்கற ஒரு ஆராய்ச்சிப் பேப்பரை எடுங்க. ரொம்ப ஃபேமஸானதா இருக்கணும்னு இல்ல, ஒரே ஒரு முக்கியமான டேபிள் இருந்தாப் போதும். முதல்ல அவங்க கோடைத் திறக்காம, பேப்பர்ல எழுதியிருக்கறதை மட்டும் படிச்சு அந்த டேபிளை நீங்களா உண்டாக்கப் பாருங்க. வராது. வராம நிக்கற அந்த இடத்துலதான் பாடமே இருக்கு. எந்த வருஷத்தை எடுத்தாங்க, காலியா இருந்த ரோவை என்ன பண்ணினாங்க, நகரம்னா மாநகராட்சி எல்லையா இல்ல சுத்துப்பட்டு ஊரெல்லாம் சேர்த்தா, பணத்தை எந்த வருஷ விலைக்கு மாத்தினாங்க, இதுல பாதி பேப்பர்லயே இருக்காது. ஒவ்வொண்ணையும் ஒரு நோட்டுல எழுதி, நீங்க என்ன முடிவு எடுத்தீங்கன்னும் பக்கத்துல எழுதுங்க, அதுக்கப்புறம் அவங்க கோடைத் திறந்து ஒத்துப்பாருங்க.

இது ஏதோ மாணவப் பயிற்சிதானேன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு கதை. 2010-ல கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய பொருளாதார நிபுணர்கள், அரசாங்கக் கடன் ஜிடிபில 90 சதவீதத்தைத் தாண்டின நாடுகள்ல வளர்ச்சி படுத்துடுதுன்னு எழுதினாங்க, பல நாட்டு அரசியல்வாதிங்க செலவைக் குறைக்கறதுக்கு இதைத்தான் எடுத்துக் காட்டினாங்க. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட ஆம்ஹர்ஸ்ட் கேம்பஸ்ல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு பிஎச்டி மாணவர், கிளாஸ்ல கொடுத்த ரெப்ளிகேஷன் வேலைக்காக அந்தப் பேப்பரை எடுத்தார். எத்தனை தடவை போட்டாலும் நம்பர் வரல. கடைசில எழுதினவங்ககிட்டயே ஸ்ப்ரெட்ஷீட்டை வாங்கிப் பார்த்தா, சராசரி எடுக்கற ஃபார்முலா அஞ்சு நாட்டைத் தொடாமலேயே நின்னுடுச்சு. அதோட சில நாடுகளோட சில வருஷம் விட்டுப்போனது, வெயிட் போட்ட விதம் (சராசரில எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்குங்கறது), இதையெல்லாம் மாத்திப் போட்டா மைனஸ் 0.1 சதவீதம்னு சொன்ன சராசரி வளர்ச்சி 2.2 சதவீதமா வந்துச்சு. 2013-ல தன் ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலினோட சேர்ந்து அதை வெளியிட்டார். எழுதினவங்க எக்செல் தப்பை ஒத்துக்கிட்டாங்க, மத்ததெல்லாம் தப்பில்லன்னு வாதாடினாங்க. இதுல கவனிக்க வேண்டியது, பெரிய வித்தியாசம் வந்தது ஃபார்முலாவால மட்டும் இல்ல, எதைச் சேர்க்கறது, எப்படி வெயிட் போடறதுங்கற முடிவுகளாலயும்தான். அந்த முடிவு மாதிரிதான் உங்க தீசிஸ்லயும் தினம் பத்து எடுப்பீங்க, அப்போ அது முடிவுன்னே தோணாது.

இதோட சேர்ந்தே ஃபைல் ஒழுக்கத்தையும் பழகிடுங்க, பின்னாடி பழகறது கஷ்டம். வந்த டேட்டா அப்படியே ஒரு ஃபோல்டர்ல பூட்டி வச்சாச்சு, அதை யாரும் தொடக்கூடாது. மாத்தறதெல்லாம் கோடு வழியாத்தான் மாத்தணும், கையால ஒரு செல்லைக்கூடத் திருத்தக்கூடாது. "ஃபைனல்2_புதுசு_நிஜமாவே ஃபைனல்"னு ஃபைல் பேரு வைக்கற ஆளா நீங்க இருந்தா இன்னிக்கே கிட் (Git, ஃபைல்ல செஞ்ச ஒவ்வொரு மாத்தத்தையும் பதிவு பண்ணி வைக்கற சாஃப்ட்வேர்) கத்துக்க ஆரம்பிங்க. டெஸ்ட் ரொம்ப ஈஸி: உங்க ஃபோல்டரை நண்பருக்கு அனுப்புங்க, அவர் உங்களுக்கு ஃபோன் பண்ணாம அதே டேபிளை எடுக்கணும். ஃபோன் வந்தா ரீட்மீ ஃபைல்ல, அதாவது ஃபோல்டரை எப்படிப் பயன்படுத்தணும்னு எழுதி வைக்கற குறிப்புல, ஒரு வரி குறையுதுன்னு அர்த்தம்.

ஒரே ஒரு ரோவைப் பிடிச்சுட்டு உக்காருங்க

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பயிற்சி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நியூயார்க் நகரத்தோட 311 புகார் டேட்டா (அவசரமில்லாத நகரப் புகாரை 311-ங்கற நம்பர்ல சொல்லலாம்) யாரு வேணா இறக்கிக்கலாம். 2003-ல அங்க 311 ஃபோன் சேவை ஆரம்பிச்சுது, இப்போ அதோட ஓப்பன் டேட்டால கோடிக்கணக்கான ரோ இருக்கு. எல்லாரும் என்ன பண்ணுவோம், மொத்தத்தையும் இறக்கி ஜிப் கோடு (அமெரிக்க பின்கோடு) வாரியா எண்ணி ஒரு கலர் மேப் போட்டுடுவோம். அதைப் பண்ணாதீங்க. ஒரு குளிர்காலப் புகாரை மட்டும் எடுங்க, வீட்ல ஹீட்டிங் வரலங்கற புகார். பதிவான தேதி, மூடின தேதி, எந்த ஏஜென்சி, புகார் வகை, முகவரி, ஸ்டேட்டஸ், என்ன தீர்வுன்னு ஒரு நீள வாக்கியம், இவ்வளவும் இருக்கும். இப்போ ஒவ்வொரு ஃபீல்டையும் பார்த்து "இதை யாரு நிரப்பினாங்க, அப்போ அவங்களுக்கு என்ன தெரியும்"னு கேளுங்க.

ஸ்டேட்டஸ்ல மூடியாச்சுன்னு இருக்கும். நீங்க சந்தோஷமா பிரச்சனை தீர்ந்துச்சுன்னு எடுத்துப்பீங்க. தீர்வு ஃபீல்டைப் படிங்க. இன்ஸ்பெக்டரால வீட்டுக்குள்ளயோ பில்டிங்ல வேற வீட்டுக்குள்ளயோ போய்ப் பார்க்க முடியல, புகார் மூடப்பட்டதுன்னு போட்டிருக்கற ரோவெல்லாம் அங்க உண்டு. குளிர்ல நடுங்கினவங்க இன்னும் நடுங்கிட்டுத்தான் இருக்கலாம், ஆனா டேட்டால அது முடிஞ்ச கேஸ். மூடறதுக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு கணக்குப் போட்டு "நிர்வாகத் திறன்"னு பேரு வச்சு ரிக்ரெஷன் ஓட்டினா என்ன ஆகும்னு யோசிங்க, கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போனவர்தான் அதுல திறமைசாலி.

அடுத்து, ஒரே பில்டிங்ல பாய்லர் நின்னா பத்து வீட்டுக்காரங்களும் கூப்பிடுவாங்க, இன்னொரு பில்டிங்ல ஒருத்தர்கூட கூப்பிட மாட்டாங்க, ஏன்னா வீட்டு ஓனர்கிட்ட பகைச்சுக்க பயம், இல்ல மொழி தெரியாது, இல்ல கூப்பிட்டு என்ன ஆகப்போகுதுங்கற சலிப்பு. அப்போ நீங்க எண்ணறது குளிரையா, புகார் சொல்ற தைரியத்தையா? புகார் கம்மியா வந்த ஏரியா நல்லா இருக்குன்னு எழுதறதுக்கு முன்னாடி, பிரச்சனையை வேற வழியில அளந்த ஒரு டேட்டாவைப் பக்கத்துல வச்சுப் பாருங்க, இன்ஸ்பெக்‌ஷன்ல பதிவான விதிமீறல் மாதிரி. அதுவும் குறையில்லாதது இல்ல, ஆனா குறை வேற மாதிரி இருக்கும், ரெண்டு வேற வேற குறை சேர்ந்தா ஏதோ ஒண்ணு பிடிபடும்.

அப்புறம் சட்டம். அந்த ஊர்ல ஹீட்டிங் சீசன் அக்டோபர் 1 முதல் மே 31 வரைக்கும். பகல்ல, அதாவது காலை 6-லேருந்து ராத்திரி 10 வரைக்கும், வெளியில 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா வீட்டுக்குள்ள 68 இருக்கணும், ராத்திரி 62 இருக்கணும். இது தெரியாம செப்டம்பர் கடைசியில புகார் கம்மியா இருந்து அக்டோபர்ல எகிறறதைப் பார்த்தா வெதர் மாறிடுச்சுன்னு மட்டும் நினைச்சுப்பீங்க, கேக்கற உரிமையும் அன்னிக்குத்தான் ஆரம்பிக்குதுங்கறது விட்டுப்போயிடும். இன்னொரு பொறி, இந்தப் புகார் வகையோட பேரே 2014 வாக்குல மாறியிருக்கு, பழைய பேரை மட்டும் தேடி எடுத்தா ஒரு வருஷத்துல திடீர்னு புகாரே இல்லாம போன மாதிரி கிராஃப் வரும், அதைப் பார்த்துட்டு பெரிய கொள்கை வெற்றின்னு ஒரு பத்தி எழுதிடலாம்! மூடின தேதி பதிவான தேதிக்கு முன்னாடி இருக்கற ரோவும், 1900 ஜனவரி 1-னு தேதி போட்ட ரோவும் இந்த மாதிரி டேட்டால கண்ணுல படும், அதைப் பார்த்ததும் டெலீட் பண்ணிடாம எந்த ஏஜென்சில, எந்த மாசத்துல அதிகமா இருக்குன்னு பாருங்க. ஒரே இடத்துல குவிஞ்சிருந்தா அங்க சாஃப்ட்வேர் மாறியிருக்கும், இல்ல பழைய கேஸையெல்லாம் ஒரே நாள்ல சேர்த்து மூடியிருப்பாங்க.

நியூயார்க்தான்னு இல்ல, உங்க தீசிஸ் எந்த ஊரோ அந்த ஊர் டேட்டால இருபது முப்பது ரோவை இப்படி ஒவ்வொண்ணாப் படிங்க. ஒரு ரோவுக்கு அரை பக்கம் எழுதுங்க. அதுக்கப்புறம் மொத்தத்தையும் ஓட்டிக்கலாம்.

மேப் போடறதுக்கு முன்னாடி எல்லைக்கோட்டை மாத்திப் பாருங்க

வார்டு, ஜிப் கோடு, சென்சஸ் டிராக்ட் (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரிச்ச சின்னப் பகுதி), போலீஸ் ஸ்டேஷன் எல்லை, எதுவுமே ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. 1979-ல ஸ்டான் ஓப்பன்ஷாவும் பீட்டர் டெய்லரும் அமெரிக்காவுல அயோவா மாநிலத்தோட 99 கவுன்ட்டியை (நம்ம மாவட்டம் மாதிரி) எடுத்து, வயசானவங்க சதவீதத்துக்கும் ரிபப்ளிகன் ஓட்டுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தாங்க. அதே 99-ஐ வேற வேற விதமா கூட்டம் கூட்டமா சேர்த்தா, கோரிலேஷன் (ரெண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுதுங்கற அளவு) கிட்டத்தட்ட மைனஸ் ஒண்ணுலேருந்து கிட்டத்தட்ட ப்ளஸ் ஒண்ணு வரைக்கும் எது வேணும்னாலும் வருதுன்னு காட்டினாங்க. டேட்டா ஒண்ணுதான், எல்லைக்கோடு மட்டும்தான் மாறுது. அதனால உங்க முக்கியமான ரிசல்ட்டை குறைஞ்சது ரெண்டு விதமான எல்லையில போட்டுப் பாருங்க, ரெண்டுலயும் நிக்குதான்னு. அமெரிக்க டிராக்ட்னா சராசரியா 4,000 பேர் இருக்கற மாதிரி வரையறாங்க, வேற நாட்டு வார்டுல ஒரு லட்சம் பேர்கூட இருப்பாங்க, ரெண்டையும் "ஏரியா"ன்னு ஒரே வார்த்தையில எழுதி ஒப்பிடற பேப்பரை நிறையப் பார்க்கறேன். எரிச்சலா இருக்கு.

தெருவுல இறங்கி நீங்களே டேட்டா உண்டாக்குங்க

அடுத்தவங்க டேட்டாவைக் குறை சொல்றது ஈஸி, நாமளே ஒரு ஃபார்ம் தயார் பண்ணி நிரப்பினாத்தான் அதுல என்ன கஷ்டம்னு தெரியும். 1995-ல சிகாகோவுல ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் டீம் ஒரு வண்டியை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல தெருத்தெருவா ஓட்டி, ரெண்டு பக்கமும் வீடியோ எடுத்து, உள்ள உக்காந்த ஆளுங்களும் குறிப்பு எழுதி, 23,000-க்கு மேல தெருப் பகுதியைப் பதிவு பண்ணினாங்க. குப்பை, கிராஃபிட்டி, உடைஞ்ச ஜன்னல், தெருவுல நிக்கற ஆளுங்கன்னு எல்லாத்தையும் ஒரே அளவுகோல்ல அளக்கணும்கறதுதான் நோக்கம். நமக்கு வண்டியும் கேமராவும் வேண்டாம், ரெண்டு பேரும் ஒரு காகிதமும் போதும்.

ஒரே தெருவை ரெண்டு பேரும் தனித்தனியா, ஒருத்தரோட ஒருத்தர் பேசாம நடந்து பத்துப் பன்னெண்டு கேள்விக்கு மார்க் போடுங்க. நடைபாதை நடக்கற மாதிரி இருக்கா, கடை எத்தனை, உக்கார இடம் இருக்கா, தெரு விளக்கு எரியுதா. முடிச்சுட்டு ரெண்டு ஃபார்மையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. "நடக்கற மாதிரி இருக்கா"ங்கறதுல சண்டை வரும், ஒருத்தர் பைக் நிறுத்தியிருந்ததை தடைன்னு எண்ணியிருப்பார், இன்னொருத்தர் அது எப்பவும் இருக்கறதுதானேன்னு விட்டிருப்பார், வீல்சேர்ல வர்றவங்களை ரெண்டு பேருமே யோசிச்சிருக்க மாட்டாங்க. அப்போ கேள்வியைத் திருத்துங்க, "நடைபாதையில எந்த இடத்துலயாவது 1 மீட்டருக்குக் கம்மியா வழி இருக்கா"ன்னு. மறுபடி நடங்க. ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறீங்கன்னு காட்ட கோஹென்ஸ் கப்பான்னு ஒரு அளவு இருக்கு, 1960-லேருந்து புழக்கத்துல இருக்கு, சும்மா குருட்டாம்போக்குல ஒத்துப்போறதைக் கழிச்சுட்டுச் சொல்லும். வேற நேரத்துலயும் போங்க. காலையில பார்த்த தெரு ராத்திரி வேற தெரு. ஸ்ட்ரீட் வியூ வச்சு வீட்லேருந்தே பண்ணலாம்தான், ஆனா அதுல படம் எடுத்த தேதியைக் கட்டாயம் எழுதிக்கோங்க, பக்கத்துப் பக்கத்துத் தெருவுக்கே வருஷக்கணக்கில வித்தியாசம் இருக்கும்.

ஆபீஸ்ல போய்ப் பேசறது

பேட்டின்னா பெரிய அதிகாரியைப் பார்க்கறதுன்னு நினைச்சுடாதீங்க. கமிஷனர் சொல்றது ஏற்கெனவே பிரஸ் ரிலீஸ்ல இருக்கும். ஃபார்மை நிரப்பறவர், ஃபைலை மூடறவர், ஃபீல்டுக்குப் போற இன்ஸ்பெக்டர், இவங்கதான் உங்களுக்கு வேணும். போறதுக்கு முன்னாடி உங்க யுனிவர்சிட்டியோட எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிடுங்க, அவங்க மேலதிகாரிக்கும் தெரியப்படுத்துங்க, ஆனா மேலதிகாரி பக்கத்துல உக்கார்ந்திருக்கும்போது பேட்டி எடுக்காதீங்க.

"இந்தத் திட்டம் எப்படிப் போகுது"ன்னு கேட்டா "நல்லாப் போகுது"ன்னுதான் பதில் வரும். "மேடம், கடைசியா நீங்க மூடின கேஸ் எது, அதை எப்படி மூடினீங்க, கொஞ்சம் ஸ்கிரீன்ல காட்ட முடியுமா"ன்னு கேளுங்க. காட்டும்போது அவங்களே சொல்வாங்க, "இந்தக் கட்டத்தை நிரப்பாம அடுத்த பக்கம் போகாதுங்க, அதனால எல்லாரும் 'மற்றவை'ன்னு போட்டுடுவோம்". உங்க டேட்டால 'மற்றவை' எதுக்கு 40 சதவீதம் இருக்குன்னு மண்டையை உடைச்சுட்டு இருந்தீங்கன்னா பதில் இந்த ஒரு வாக்கியத்துல வந்துடும், எந்த ஸ்டாடிஸ்டிக்ஸ் புக்லயும் இது இருக்காது. பேட்டி முடிஞ்ச அன்னிக்கே குறிப்பை விரிச்சு எழுதிடணும், மறுநாள்னு தள்ளினா அவங்க சொன்னதும் நாம நினைச்சதும் கலந்துடும். அவங்க வார்த்தை ஒரு நிறத்துல, உங்க ஊகம் வேற நிறத்துல.

நிஜப் பேட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ரிகர்சல் பண்ணிக்கோங்க, கூடப் படிக்கறவர் சலிச்சுப்போன அதிகாரியா நடிக்கட்டும், ஒத்தை வார்த்தையில பதில் சொல்லட்டும். பேசாம சும்மா இருக்கற அந்த அஞ்சு செகண்டைத் தாங்கறது எப்படின்னு அப்பத்தான் பழகும்.

டாக்குமென்ட் விஷயம் சுருக்கமா: பட்ஜெட்டைப் படிக்கும்போது ஒதுக்கின தொகையை மட்டும் பார்க்காம, ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற கணக்குல நிஜமா செலவான தொகையையும் தேடி எடுங்க, ஆடிட் ரிப்போர்ட்டை விட்டுடாதீங்க. தகவல் உரிமை மனு போடறதா இருந்தா முதல் மனுவுலயே டேட்டாவைக் கேக்காதீங்க, அந்த டேட்டாபேஸ்ல என்னென்ன ஃபீல்டு இருக்குங்கற லிஸ்டைக் கேளுங்க, அதை வச்சு ரெண்டாவது மனுவுல துல்லியமா கேளுங்க. நாட்டுக்கு நாடு கெடு மாறும், பிரிட்டன்ல 20 வேலை நாள், இந்தியாவுல 30 நாள், மேல்முறையீடு போனா மாசக்கணக்குல இழுக்கும், அதனால தீசிஸ் அட்டவணையில இதுக்குன்னு நேரம் ஒதுக்கி முன்கூட்டியே போட்டுடணும்.

கொள்கை வேலை செஞ்சுதான்னு எப்படிச் சொல்றது

இங்கதான் எல்லாரும் நேரா மெத்தட்ஸ் புக்குக்குப் போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் பேனாவோட ரெண்டு நிஜ கேஸைப் பிரிச்சுப் பாருங்க.

ஸ்டாக்ஹோம்ல 2006 ஜனவரி 3-லேருந்து ஜூலை 31 வரைக்கும் நகர மையத்துக்குள்ள வர்ற போற கார்களுக்கு நெரிசல் கட்டணம் சோதனை முறையில வாங்கினாங்க. எல்லையைத் தாண்டற வண்டி ஏறக்குறைய 20 சதவீதம் குறைஞ்சுது. செப்டம்பர்ல வாக்கெடுப்பு, 2007 ஆகஸ்ட்லேருந்து நிரந்தரம். இப்போ உங்களுக்குக் கேள்வி: 20 சதவீதம் கட்டணத்தால குறைஞ்சுதுன்னு எப்படிச் சொல்வீங்க? 2005 ஆகஸ்ட்லயே கூடுதல் பஸ் விட்டுட்டாங்களே, அதனாலயா இருக்கலாமே? நல்லவேளை, பஸ் வந்து நாலு மாசத்துக்கு மேல கழிச்சுத்தான் கட்டணம் வந்துச்சு, அந்த நாலு மாசத்துல கார் போக்குவரத்துல சொல்லிக்கற மாதிரி மாற்றம் இல்ல. ஜூலை கடைசியில கட்டணம் நின்னதும் வண்டி திரும்ப ஏறுச்சு, ஆனா பழைய அளவுக்கு முழுசா வரல, மறுபடி போட்டதும் இறங்குச்சு. சுவிட்சைப் போட்டு அணைச்ச மாதிரி ஒரு சோதனை நகரத்துல கிடைக்கறது அபூர்வம். தேதி வரிசையை ஒரு கோட்டுல வரைஞ்சு, ஒவ்வொரு இடத்துலயும் வேற என்ன காரணம் இருந்திருக்கலாம்னு எழுதி, எது எதால அடிபட்டுப் போகுதுன்னு பாருங்க. பழைய அளவுக்கு ஏன் முழுசா திரும்பலங்கறதுக்கு மட்டும் தனியா ஒரு பக்கம் எழுதுங்க.

ரெண்டாவது, அமெரிக்காவுல 1994-ல ஆரம்பிச்ச மூவிங் டு ஆப்பர்ச்சூனிட்டிங்கற வீட்டுவசதித் திட்டம். பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க், அஞ்சு நகரத்துல ஏழ்மை அதிகமான பொதுக் குடியிருப்புல இருந்த 4,604 குடும்பத்தைக் குலுக்கல் முறையில பிரிச்சு, ஒரு குரூப்புக்கு ஏழ்மை குறைஞ்ச ஏரியாவுக்குப் போறதுக்கு மட்டும் செல்லற வாடகை வவுச்சர் கொடுத்தாங்க. கொடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் அதை வச்சு வீடு மாறினாங்க. அப்போ ஒப்பிடறது யாரை யாரோட, கொடுத்தவங்களையா, போனவங்களையா? போனவங்களை மட்டும் எடுத்தா குலுக்கல் போட்டதோட பலனே போயிடும். பெரியவங்க வருமானத்துல மாற்றம் இல்ல, மனநலம் தேறுச்சுன்னு பல வருஷம் சொல்லிட்டு இருந்தாங்க, திட்டம் தோத்துப்போச்சுன்னுகூட சிலர் எழுதிட்டாங்க. 2016-ல ராஜ் செட்டி, நத்தானியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ்னு மூணு பொருளாதார நிபுணர்கள் வரி பதிவுகளோட இணைச்சுப் பார்த்தப்போ, 13 வயசுக்கு முன்னாடி இடம் மாறின பிள்ளைங்க இருபதுகளோட நடுவுல 31 சதவீதம் அதிகமா சம்பாதிக்கறாங்கன்னு வந்துச்சு. அதைவிட வயசு அதிகமானப்புறம் இடம் மாறினவங்களுக்கு அந்தப் பலன் இல்ல. உங்க தீசிஸ்ல ரெண்டு வருஷ விளைவைத்தான் அளக்க முடியும்னா அதை அப்படியே எழுதுங்க, "பலன் இல்லை"ன்னு எழுதிடாதீங்க.

உங்க கேள்விக்கு இதையே செஞ்சு, டேட்டாவைத் தொடறதுக்கு முன்னாடி என்ன அளப்பேன், யாரோட ஒப்பிடுவேன், எந்த ரிசல்ட் வந்தா என் ஊகம் தப்புன்னு ஒத்துப்பேன்னு ரெண்டு பக்கம் எழுதி தேதி போட்டு வைங்க. ஓஎஸ்எஃப் (ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) மாதிரி பொதுப் பதிவேட்டுல போட்டா இன்னும் நல்லது.

ஏஜென்சியோட சேர்ந்து வேலை செய்யறப்போ

நகராட்சியோ போக்குவரத்து நிறுவனமோ உள்ள விட்டு டேட்டா கொடுத்தா பெரிய வாய்ப்பு, ஆனா வாய் வார்த்தையில ஆரம்பிக்காதீங்க. அதிகாரி மாறுவார், தேர்தல் வரும், புதுசா வந்தவருக்கு உங்களை யாருன்னே தெரியாது. எழுத்துல இருக்க வேண்டியது: எந்த டேட்டா, எவ்வளவு நாளைக்கு, எங்க வச்சுப்பீங்க, முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க, ரொம்ப முக்கியமா ரிசல்ட் அவங்களுக்குப் பிடிக்கலன்னாலும் வெளியிட உங்களுக்கு உரிமை. ரகசியத் தகவல் எதுவும் கசியுதான்னு மட்டும் அவங்க பார்க்கலாம், அதுக்கும் ஒரு கெடு. இந்த வரி இல்லாத அக்ரிமென்ட்ல தீசிஸை வைக்காதீங்க, கைடு எவ்வளவு சொன்னாலும் சரி.

பேரை எடுத்துட்டா டேட்டா பத்திரம்னு நம்பறவங்களுக்கு நியூயார்க் டாக்ஸி கதையைச் சொல்லணும். 2013-ல நடந்த 17 கோடிக்கும் மேல டாக்ஸி பயணத்தோட பதிவு 2014-ல தகவல் மனு வழியா வெளில வந்துச்சு. வண்டி நம்பரையும் டிரைவர் லைசென்ஸ் நம்பரையும் எம்டி5-ங்கற முறையில, அதாவது ஒரு நம்பரைப் புரியாத எழுத்து வரிசையா மாத்தற கணக்குல, மறைச்சிருந்தாங்க. ஆனா வண்டி நம்பரோட அமைப்பு தெரிஞ்சதுதானே, சாத்தியமான எல்லா நம்பரையும் எம்டி5-ல போட்டு ஒத்துப்பார்த்து சில மணி நேரத்துல மறைச்சதையெல்லாம் திறந்துட்டாங்க. பிரபலங்க டாக்ஸியில ஏறின போட்டோவை வச்சு அவங்க எங்க போனாங்கன்னுகூட கண்டுபிடிச்சாங்க. லதான்யா ஸ்வீனிங்கற ஆராய்ச்சியாளர் 2000-லயே, பிறந்த தேதி, பாலினம், அஞ்சு இலக்க ஜிப் கோடு மூணு இருந்தா அமெரிக்கால 87 சதவீதம் பேரை தனியா அடையாளம் காணலாம்னு கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பயிற்சிக்கு, உங்க டேட்டால உங்களையோ உங்க நண்பரையோ (அவர் சம்மதத்தோட) தேடிக் கண்டுபிடிக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா ஏரியாவைப் பெருசாக்குங்க, தேதியை மாசமா மாத்துங்க.

கடைசியா ஒரு பக்க மெமோ

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்க, முடிவெடுக்கற ஒருத்தருக்கு. முதல் வரியில என்ன செய்யலாம்னு இருக்கணும், மெத்தட்ஸ் கீழ ரெண்டு வரி போதும். எவ்வளவு செலவு, யார் செய்யணும், அந்த ஆபீஸுக்கு அதைச் செய்ய அதிகாரம் இருக்கா, இது மூணும் இல்லாத மெமோவை யாரும் ரெண்டாவது தடவை படிக்க மாட்டாங்க. எவ்வளவு நிச்சயம்ங்கறதையும் சாதாரண வார்த்தையில எழுதுங்க, "5 சதவீத மட்டத்தில் குறிப்பிடத்தக்கது"ன்னு எழுதினா பட்ஜெட் பார்க்கறவருக்கு அது எதுக்கும் உதவாது, "குறைஞ்சது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு"ன்னு எழுதினா உதவும்.

எழுதினதை ரெண்டு பேர்கிட்ட கொடுங்க. ஒருத்தர் உங்க துறை, அவர் மெத்தட்ஸ்ல ஓட்டை தேடட்டும். இன்னொருத்தர் நீங்க பேட்டி எடுத்த அந்த ஃபைல் மூடற மேடமோ இன்ஸ்பெக்டரோ, அவங்க பெயரும் அடையாளமும் தெரியாத மாதிரி எழுதிட்டுக் காட்டுங்க. "இது எங்களுக்கு முன்னாடியே தெரியுமே"ன்னு சொன்னா சோர்ந்துடாதீங்க, தெரிஞ்சும் ஏன் மாறலன்னு உடனே கேளுங்க, நோட்டைத் திறந்து வச்சுட்டு.